நஷ்டம் யாருடையது? தேசப் பொருளாதாரத்தில் அரசாங்கமும் தனியார் மூலதனமும்



பொருளாதாரத் துறையில் ஒரு விஷயத்தை ஆண்டுதோறும் பொதுமக்களுக்கும் விளங்கும் வகையில் தமிழிலேயே எடுத்துரைத்தல் வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை ஏற்படுத்திய அறக்கட்டளையை நிறுவியவரின் விருப்பம் என்று எனக்குத் தெரிவித்தார்கள். அந்த விருப்பத்திற்கு இசைய, சாலை, பாலம், மின்சாரம், குடிநீர், விமான நிலையம் முதலான பொதுக் காரியங்களை அரசாங்கமும் தனியார் மூலதனமும் கூடி நடத்துகிற முறை நம் தேசத்தில் எவ்வாறு முளைத்தது, எந்தக் காரணங்களால் சில இடங்களில் தழைத்தது, எந்தக் காரணங்களால் பல இடங்களில் பட்டுப்போயிற்று என்பதை இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

கூட்டு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பொதுப்பணித் துறை ஒரு காண்டிராக்டரைக் கொண்டு பாலம் கட்டி, பில் தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டால் அது கூட்டு ஆகாது. விலைக்கு வாங்கியது என்றே ஆகும். தனியார் ஒருவர் தம் கைப்பணத்தையும் கடனாகப் பெற்ற பணத்தையும் போட்டுப் பாலத்தைக் கட்டி, பதினைந்து ஆண்டோ முப்பது ஆண்டோ தாமே அதைப் பராமரித்து, அதில் செல்வோரிடமிருந்தோ அரசாங்கத்தினிடமிருந்தோ வருமானம் பெற்று, தவணை முடிந்ததும் சொத்தை அரசாங்கத்தின் வசம் ஒப்படைத்து விலகுவாரானால், அதுவே நாம் பேசுகிற கூட்டு. இத்தனை நீண்ட காலத்தில் மழை பொய்க்கலாம், ரூபாயின் மதிப்பு இறங்கலாம், ஆட்சி மாறலாம், நிலம் கிடைக்காமல் வேலை நிற்கலாம், வரும் என்று எண்ணிய வாகனங்கள் வராமற் போகலாம். இவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு நஷ்டம். அந்த நஷ்டம் யாருடையது என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே நேர்மையாகப் பிரித்து எழுதிவைக்கும் அறிவும் துணிவும் அரசாங்கத்திற்கு இருந்த இடங்களில் கூட்டு வளர்ந்தது, இல்லாத இடங்களில் அது பொக்கிஷத்திற்குப் பாரமாயிற்று என்பதே என் அபிப்பிராயம். மூலதனப் பெருக்கம், அந்நிய முதலீட்டாளரின் நம்பிக்கை, தேச வருமானத்தின் வளர்ச்சி முதலாகப் பொருளாதார நூல்கள் கூறும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவையெல்லாம் இந்த ஒன்றுக்குப் பின்னால் நிற்பவை.

இம்முறை 1991க்குப் பிறகு நம்மிடம் வந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ரயிலோடு வந்தது. 1849ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்னும் இரண்டு லண்டன் கம்பெனிகளோடு கிழக்கிந்தியக் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலம் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு இலவசம். போட்ட மூலதனத்திற்கு ஆண்டுக்கு 5 சதவீதம் நிச்சயம். ரயிலின் வருமானம் அதற்குப் போதாவிட்டால் குறையை இந்திய வருவாயிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். இருபத்தைந்தாம் ஆண்டிலோ ஐம்பதாம் ஆண்டிலோ அரசாங்கம் விரும்பினால் பாதையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயிலை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனியும் இத்தகைய உத்தரவாதத்தின் பேரில் எழுந்ததுதான். ராயபுரத்து நிலையக் கட்டடத்தின் தூண்களை இன்றும் போய்ப் பார்க்கிறவர்கள், அவற்றை எழுப்பிய பங்குதாரர்களுக்கு ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி போய்ச் சேர்ந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுவது நியாயமன்று. 1870ஆம் ஆண்டை எட்டுவதற்குள் 5,000 மைலுக்குச் சற்றுக் குறைவான நீளத்திற்குத் தண்டவாளம் போடப்பட்டுவிட்டது. அக்காலத்தில் வேறு எந்த வழியாலும் அவ்வளவு பணத்தை அவ்வளவு விரைவில் திரட்டியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. ஆனால் செலவு செய்கிறவனுக்குச் சிக்கனமாயிருக்க வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. மைலுக்கு 8,000 பவுன் ஆகும் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள். சராசரியாகச் சுமார் 18,000 பவுன் ஆயிற்று. வைஸ்ராயின் சபையில் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸி, பின்னர் பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, இந்திய வருவாயிலிருந்து 5 சதவீதம் நிச்சயமாக வருகிற வரையில், தாம் கொடுத்த பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினாலும் ஹூக்ளி நதியில் வீசப்பட்டாலும் முதல் போட்டவர்களுக்கு ஒன்றுதான் என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். பஞ்சத்தில் மடிந்த குடியானவன் செலுத்திய நிலவரியிலிருந்து அந்த 5 சதவீதம் போயிற்று என்பதை நினைக்கும்போது, இக்கணக்கை வெறும் கணக்காக என்னால் வாசிக்க முடிவதில்லை. 1869இல் லாரன்ஸ் பிரபு, இனிப் பாதைகளை அரசாங்கமே போடட்டும் என்று முடிவுசெய்தார். பத்தாண்டுக்குள் பஞ்சமும் ஆப்கானிய யுத்தமும் பொக்கிஷத்தை வற்றச் செய்ய, கம்பெனிகள் குறைந்த உத்தரவாதத்தின் பேரில் மீண்டும் அழைக்கப்பட்டன. அரசாங்கம் கையில் பணம் இருக்கும்போது தனியாரை விலக்குவதும், பணம் வறண்டபோது அழைப்பதும், அழைக்கும் அவசரத்தில் நிபந்தனைகளை நெகிழ்த்துவதும் அன்று தொடங்கிய வழக்கம்.

இதே ஆங்கில ஆட்சி செய்த வேறோர் ஏற்பாட்டை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். டாட்டா குடும்பத்தினர் சாக்சியில் இரும்பாலை அமைக்க முயன்றபோது அரசாங்கம் அவர்களுக்கு லாப உத்தரவாதம் எதுவும் தரவில்லை. தண்டவாளங்கள் குறித்த தரத்தில் அமையுமானால், ஆண்டுக்கு 20,000 டன் வீதம் பத்து ஆண்டுகளுக்கு, இறக்குமதிச் சரக்கின் விலைக்கே வாங்கிக்கொள்வதாக வாக்களித்தது, அவ்வளவே. ஆலையைக் கட்டுவதில் நேரும் தாமதமும், உலையில் நேரும் பிழையும், கூடுதல் செலவும் டாட்டாக்களின் பொறுப்பு. சரக்கு நன்றாயிருந்தால் விற்குமோ விற்காதோ என்ற கவலையை மட்டும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. எந்த நஷ்டத்தை யார் தடுக்க வல்லவரோ அந்த நஷ்டம் அவருடையதாக இருக்க வேண்டும் என்ற கொள்கை இன்று பாடப்புத்தகங்களில் முதல் விதியாக எழுதப்படுகிறது. அதைப் புத்தகத்தில் காணும் முன்பே ஒருமுறை நம் மண்ணில் சரியாகச் செய்திருக்கிறோம்.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1944இல் பம்பாய்த் திட்டத்தை வெளியிட்ட முதலாளிகளே (சென்னையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த ஜான் மத்தாய் அவர்களுள் ஒருவர்) பெரும் மூலதனம் வேண்டும் அடிப்படைத் தொழில்களில் அரசாங்கம் இறங்க வேண்டும் என்று கேட்டார்கள். 1948ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் 1956ஆம் ஆண்டு தொழிற்கொள்கைத் தீர்மானமும் அவ்வழியே சென்றன. மின் வாரியங்கள் கிராமங்களுக்கு விளக்கேற்றின. அந்தச் சாதனையைச் சிறுமைப்படுத்துவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கட்டணத்தைத் தேர்தல் நிர்ணயிக்க, நஷ்டத்தை வாரியம் சுமக்க, 1991இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது புதிய மின் நிலையம் கட்டப் பணம் யாரிடமும் இல்லை. அந்த அவசரத்தில் பிறந்ததுதான் தாபோல்.

மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டக் கடற்கரையில் தாபோல் மின் நிலையத்தை அமைக்க என்ரான் என்னும் அமெரிக்கக் கம்பெனியோடு 1992இல் உடன்படிக்கை தொடங்கி, 1993 டிசம்பரில் மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போட்டியாக டெண்டர் கோரப்படவில்லை. உலக வங்கி இத்திட்டத்திற்குக் கடன் கொடுக்க மறுத்திருந்தது. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணத்தை மாநில வாரியம் கொடுத்தாக வேண்டும். கட்டணத்தின் பெரும்பகுதி டாலரோடு பிணைக்கப்பட்டிருந்தது. வாரியம் தவறினால் மாநில அரசாங்கமும், அதுவும் தவறினால் மத்திய அரசாங்கமும் உத்தரவாதம். எரிபொருளின் விலையேற்றம், நாணயத்தின் மதிப்பிறக்கம், மின்தேவையின் குறைவு ஆகிய மூன்று நஷ்டங்களும் ஒரே தராசுத் தட்டில் ஏற்றப்பட்டன. 1995இல் ஆட்சி மாறியதும் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே மீண்டும் பேசி, திட்டம் முன்னிலும் பெரிதாக்கப்பட்டது. 740 மெகாவாட் கொண்ட முதற்கட்டம் 1999 மே மாதம் இயங்கத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், யூனிட் விலை ஒரு கட்டத்தில் ஏழு ரூபாயையும் தாண்டிவிட, வாரியத்தால் கொடுக்க முடியாமல் 2001இல் நிலையம் நின்றுபோயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் என்ரானே திவாலாயிற்று. ஒப்பந்தம் செய்தபோது டாலருக்குச் சுமார் 31 ரூபாயாக இருந்த மதிப்பு 2001இல் சுமார் 47 ரூபாயாகிவிட்டிருந்தது. ரூபாயைத் தாங்கிப்பிடிக்கும் வல்லமை ஒரு மாநில மின் வாரியத்திற்கு எங்கிருந்து வரும்?

தாபோலின் பிழை பெரிதாதலால் எல்லோர் கண்ணிலும் பட்டது. கண்ணில் படாத பிழை ஒன்றை, அதன் கணக்கோடு உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். தில்லியையும் நோய்டாவையும் இணைக்க யமுனை மேல் கட்டப்பட்ட சுங்கப் பாலத்திற்கு 1997இல் முப்பது ஆண்டு உரிம ஒப்பந்தம் எழுதப்பட்டது. கட்டுமானம் ஏறத்தாழ 408 கோடி ரூபாயில் நன்றாகவே முடிந்து, 2001 பிப்ரவரியில் பாலம் திறக்கப்பட்டது. ஒப்பந்தத்திலே ஒரு சூத்திரம் இருந்தது. போட்ட மொத்தச் செலவுக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் வருமானம் கிடைக்க வேண்டும். கிடைக்காத பகுதி செலவுக் கணக்கிலேயே சேர்க்கப்படும். செலவும் வருமானமும் முழுவதும் வசூலாகும் வரையில் தவணை நீளும். இதை ஒரு பள்ளிப் பிள்ளையின் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். செலவு 100 ரூபாய், வரவேண்டியது 20, வந்தது 5 என்று கொள்வோம். எஞ்சிய 15 செலவோடு சேர, இரண்டாம் ஆண்டு செலவு 115 ஆகிறது, வரவேண்டியது 23. வாகனங்கள் பெருகி 8 ரூபாய் வந்தாலும், மூன்றாம் ஆண்டு செலவு 130, வரவேண்டியது 26. போக்குவரத்து ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போக, கடனும் கூடிக்கொண்டே போகிறது. பாலம் என்றைக்கும் மக்களுடையதாக ஆகாது. 1849இன் 5 சதவீதமாவது ஏறாமல் நின்றது; இது தன்மேலேயே குட்டி போட்டது.

குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்ததன் பேரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் 2016 அக்டோபர் 26ஆம் தேதி சுங்க வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பர் 20ஆம் தேதி உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, டெண்டர் கோராமல் உரிமம் கொடுத்ததையும், கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை நோய்டா ஆணையம் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்ததையும் கண்டித்தது. நியாயம் கிடைத்தது, ஆனால் கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினால் அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. அச்சூத்திரத்தை எழுதிய அன்று, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பார்க்க ஓர் அதிகாரி இருந்திருந்தால் இவ்வளவும் வேண்டியிருந்திராது. கூட்டின் வளர்ச்சியை நிர்ணயிக்கும் காரணங்களுள் அரசாங்கத்தின் எழுத்துத் திறமையை நான் முதலில் வைப்பதற்கு இதுவே ஆதாரம்.

இனி மூலதனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலமும் சாலையும் போட்ட பணத்தைத் திருப்பித் தர இருபது ஆண்டுகள் பிடிக்கும். வங்கியில் நாம் போடுகிற டெபாசிட் மூன்று ஆண்டிலோ ஐந்து ஆண்டிலோ முதிர்ந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று நீண்டகாலக் கடன் கொடுப்பதற்கென்றே ஏற்படுத்திய ஐசிஐசிஐ 2002இல் வங்கியோடு இணைந்தது; ஐடிபிஐ 2004இல் வங்கியாயிற்று. சரியாக அந்த நேரத்தில்தான் தேசம் நெடுஞ்சாலைகளையும் மின் நிலையங்களையும் தனியார் மூலம் பெருக்கப் புறப்பட்டது. நெடுஞ்சாலைச் சட்டம் 1995இல் திருத்தப்பட்டுத் தனியாருக்குச் சுங்க உரிமை வழங்க வழிபிறந்திருந்தது. 2006இல் மாதிரி ஒப்பந்தமும், கட்டணத்தால் முழுச் செலவையும் ஈட்ட முடியாத திட்டங்களுக்கு மத்திய அரசாங்கம் செலவில் 20 சதவீதம் வரை மானியம் தருகிற ஏற்பாடும் வந்தன. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், அடிப்படைக் கட்டுமான முதலீட்டில் ஏறத்தாழப் பாதியைத் தனியாரிடம் எதிர்பார்த்தது. அவ்வளவையும் தாங்கியவை குறுகியகால டெபாசிட் வாங்குகிற சாதாரண வணிக வங்கிகள். 2018 மார்ச்சு முடிவில் வங்கிகளின் மொத்தக் கடனில் வாராக்கடன் 11.2 சதவீதமாக ஏறி நின்றதற்கு இது ஒன்றே காரணம் அன்று. முக்கியமான காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டு ஐஎல் அண்டு எஃப்எஸ் என்னும் ஸ்தாபனம், சுமார் 91,000 கோடி ரூபாய்க் கடனோடு நொடித்தது. நோய்டா பாலத்தின் பின்னால் இருந்ததும் அதுவே. நம் திருப்பூர்க் குடிநீர்த் திட்டத்தில் பங்கு கொண்டிருந்ததும் அதுவே. 2021இல் 20,000 கோடி மூலதனத்தோடு தேசிய அடிப்படைக் கட்டுமான நிதி வங்கி ஒன்றைப் பார்லிமெண்டு சட்டத்தால் அமைத்திருப்பது, பழைய நிதி ஸ்தாபனங்களை இழந்த பிழையை உணர்ந்ததன் அடையாளம் என்றே கொள்கிறேன்.

பணம் எளிதாகக் கிடைத்த காலத்தில் தனியாரின் விவேகமும் தளர்ந்தது. கிஷன்கட்டிலிருந்து உதயபூர் வழியாக அகமதாபாத் வரையில் 555 கிலோமீட்டர்ச் சாலைக்கு, அரசாங்கத்தினிடம் மானியம் கேட்பதற்கு மாறாக ஆண்டுக்கு 636 கோடி ரூபாய் தாமே கொடுப்பதாகச் சொல்லி ஒரு கம்பெனி டெண்டரை எடுத்தது. வேலை தொடங்கும் முன்பே, அனுமதிகள் வரத் தாமதமாயிற்று என்று காரணங்காட்டி 2013இல் விலகிக்கொண்டது. அதன்பின் ஒப்பந்தம் கோரினாலும் ஆள் வராத நிலை ஏற்பட்டது. 2016இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கொண்டுவந்த கலப்பு முறையில், கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை வேலை நடக்க நடக்க அரசாங்கமே கொடுக்கிறது. மீதியைப் பதினைந்து ஆண்டுத் தவணையில் கொடுக்கிறது. எத்தனை லாரி வருகிறது என்ற கவலை கம்பெனிக்கு இல்லை. தனியார் மீண்டும் வந்தார்கள். நஷ்டத்தின் பங்கீடு மாறியதும் மூலதனம் திரும்பி வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரத்தியட்ச உதாரணம் வேண்டியதில்லை.

பங்கீடு பொய்த்துப்போனதற்கு உதாரணமாக நம் திருப்பூரைப் பாருங்கள். 1990களில் பனியன் ஏற்றுமதி ஓங்கியபோது, சாயப்பட்டறைகளுக்கு வேண்டிய தண்ணீர் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வந்தது; கிணறு வற்றிய தோட்டங்களில் தென்னை காய்ந்தது. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீரைக் கொண்டுவர, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், இந்தியாவில் இவ்வகையில் முதலாவது என்று கூறத்தக்க திட்டம் தீட்டப்பட்டு, 2005ஐ ஒட்டித் தண்ணீர் வரத் தொடங்கியது. அதன் அமைப்பு அழகானது: பட்டறைகள் அதிக விலை கொடுக்கும், அந்த உபரியால் நகரத்து வீடுகளும் கிராமங்களும் குறைந்த விலைக்குத் தண்ணீர் பெறும். ஆனால் நொய்யலைப் பாழாக்கிய சாயக் கழிவுக்காகப் பட்டறைகள் மீது நீதிமன்றக் கட்டுப்பாடுகள் இறுகின. கழிவைச் சுத்திகரித்து அதே நீரைத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கியதும் அவர்களுக்குப் புதிய தண்ணீரின் தேவை சுருங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளையே மூட உத்தரவிட்டது. அதிக விலை கொடுக்கிறவன் போய்விட, குறைந்த விலை கொடுக்கிறவன் மட்டும் நின்றான். ஆற்றைக் காத்த உத்தரவு சரியானதே. தண்ணீர்த் திட்டமும் நல்ல நோக்கத்தோடு எழுந்ததே. தண்ணீர் கொண்டுவருவதை ஓர் ஒப்பந்தமாகவும், அந்தத் தண்ணீர் சாயமாகி எங்கே போய்ச் சேரும் என்பதை வேறொரு துறையின் விவகாரமாகவும் பிரித்து வைத்ததுதான் பிழை.

இதற்கு மாறாக, ஆலந்தூரை நான் மனநிறைவோடு சொல்கிறேன். கிண்டிக்கும் மீனம்பாக்கத்திற்கும் இடையில், சுமார் ஒன்றரை லட்சம் பேர் வசித்த அந்த நகராட்சியில் பாதாளச் சாக்கடை கிடையாது; வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்; நிரம்பினால் லாரி. 1996இல் நகராட்சித் தலைவரான ஆர். எஸ். பாரதி அவர்கள் சாக்கடைத் திட்டத்தை எடுத்தபோது, கைப்பணம் இல்லை. வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாயும் கடை, தொழிற்கூடங்களுக்கு 10,000 ரூபாயும் முன்கூட்டியே டெபாசிட்டாகக் கேட்பது என்று முடிவாயிற்று. சாக்கடைக்கு முன்பணமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கவுன்சிலர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, மாதக் கட்டணம் 150 ரூபாய் என்பதையும் மறைக்காமல் சொல்லி, டெபாசிட்டுத் தொகை நகராட்சியின் பொதுக் கணக்கில் கரையாமல் தனிக் கணக்கில் இருக்கும் என்று உறுதி கூறி, அவ்வாறே வைத்தார்கள். பணம் சேர்ந்த பின்பே டெண்டர். குழாய் பதிக்கும் வேலைக்கு ஒப்பந்தக்காரருக்கு நேரே பணம் கொடுக்கப்பட்டது; சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் தனியார் தம் செலவில் கட்டி, பதினான்கு ஆண்டு நடத்தி ஒப்படைக்க வேண்டும்; நகராட்சி குறைந்தபட்ச அளவுக் கழிவுநீருக்குக் கட்டணம் கொடுப்பதாக உறுதிகூறியது.

இதில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று கவனியுங்கள். இத்தகைய பழைய நகரப் பகுதியில் மண்ணைத் தோண்டினால் எந்தக் குழாய், எந்தக் கம்பி குறுக்கிடும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நஷ்டத்தைக் கம்பெனியின் தலையில் கட்டியிருந்தால் அவர்கள் டெண்டர்த் தொகையை இரட்டித்திருப்பார்கள். ஆகவே அது நகராட்சியிடம் நின்றது. இயந்திரம் நன்றாக ஓடுவதும் மின்சாரம் சிக்கனமாகச் செலவாவதும் நடத்துகிறவர் கையில் இருப்பவை. அவை கம்பெனியிடம் போயின. ஜனங்கள் இணைப்பு எடுப்பார்களா என்ற சந்தேகம் டெபாசிட்டினால் வேலைக்கு முன்பே தீர்ந்தது. 34 கோடி ரூபாய்த் திட்டம் அது. தாபோலின் ஓரத்தில் ஒரு புள்ளி. எனினும் இந்தியாவில் இவ்வகைக் கூட்டை ஆராய வருகிறவர்கள் இன்றும் ஆலந்தூரைத் தேடி வாசிக்கிறார்கள். கேரளத்தில் 1999இல் திறந்த கொச்சி விமான நிலையத்திற்கும் இதே குணம் உண்டு. வளைகுடா நாடுகளில் உழைத்த ஆயிரக்கணக்கான மலையாளிகள் அதில் பங்கு வாங்கினார்கள். மாநில அரசாங்கம் பங்குதாரராகவே உள்ளே நின்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்பந்தம் எழுதியாயிற்று, பத்தாண்டு கழித்து உலகம் மாறிவிட்டது, திருத்த வேண்டும். அப்போது என்ன நடக்கிறது? திருத்துவது நியாயம் என்று தெரிந்தும் அதிகாரி கையெழுத்திட அஞ்சுகிறார். ஒரு தனியாருக்குச் சலுகை காட்டினார் என்று பிற்காலத்தில் தம்மீது வழக்கு வரும் என்பது அவருடைய அச்சம். விஜய் கேல்கர் தலைமையிலான குழு 2015இல் அளித்த அறிக்கை இதை நேராகத் தொட்டது: நல்லெண்ணத்தோடு செய்த தீர்மானத்தின் பிழையையும் ஊழலையும் சட்டம் வேறுபடுத்த வேண்டும், மறுபேச்சுக்கு ஒழுங்கான விதிமுறை வேண்டும், அரசாங்கத்தையும் கம்பெனியையும் சாராத கட்டுப்பாட்டு ஆணையங்கள் வேண்டும், ஒப்பந்தம் எழுதும் திறமையை வளர்க்கத் தனி ஸ்தாபனம் வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தனி ஸ்தாபனம் இன்னும் அமையவில்லை. ஆந்திரமும் குஜராத்தும் முன்பே செய்ததைப் போல நம் மாநிலமும் 2012இல் அடிப்படைக் கட்டுமான வளர்ச்சிச் சட்டம் இயற்றியது. சட்டம் நல்லது; ஆனால் அதை வைத்து ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் கம்பெனியின் வக்கீலுக்கு எதிரில் உட்கார்ந்து வாதிக்கக்கூடிய பொறியாளரும் கணக்கரும் ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. அவர்களைத் தயார் செய்வது நம் கலாசாலைகளின் கடமை.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் சாலைக்கோ குடிநீருக்கோ குப்பைக்கோ தனியாரோடு நகராட்சி ஒப்பந்தம் செய்யப் போகிறது என்று கேள்விப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த ஒப்பந்த வரைவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். லாபம் எத்தனை சதவீதம் என்ற பக்கத்தைப் பிறகு பார்க்கலாம். வருமானம் குறைந்தால் யார் கொடுப்பது, தவணை எதனால் நீளும், கட்டணத்தை உயர்த்துவது யார் என்னும் மூன்று ஷரத்துகளை முதலில் வாசியுங்கள். வாசித்ததைத் தமிழில் எழுதி, நகர்மன்றக் கூட்டம் நடக்கும் முன்பே உங்கள் வார்டுக் கவுன்சிலரின் கையில் கொடுங்கள். கவுன்சிலர் அதைப் படிக்கிறாரா என்றும் கேளுங்கள்.